எட்டும் மூன்றும் (கோப்புகளின் கதை – 11)

ஒரு பென் டிரைவை எடுத்துக்கொள்வோம். காலையில் அதை விண்டோஸ் கணினியில் செருகிப் பத்துப் படங்களை ஏற்றுகிறார்கள். மதியம் மேக்கில் செருகி அந்தப் படங்களைத் திருத்துகிறார்கள். மாலையில் லினக்ஸ் கணினியில் செருகி, வேண்டாத இரண்டை அழிக்கிறார்கள். இரவில், மறைந்திருப்பவற்றையும் காட்டும்படி அமைத்து அந்த டிரைவைத் திறந்தால் உள்ளே எட்டுப் படங்கள் மட்டும் இருப்பதில்லை. ‘சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்’ என்றொரு ஃபோல்டரை விண்டோஸ் வைத்துவிட்டுப் போயிருக்கும். மேக் தன் பங்குக்கு ‘டிஎஸ் ஸ்டோர்’ என்ற கோப்பைப் போட்டிருக்கும். அது தொட்ட படங்களுக்கெல்லாம், பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியும் அடிக்கோடும் சேர்த்து ஆளுக்கொரு நிழலையும் உண்டாக்கியிருக்கும். லினக்ஸில் அழித்த இரண்டு படங்களோ அழியவே இல்லை. ‘டிராஷ்-1000’ என்ற ஒளிந்த ஃபோல்டரில் உட்கார்ந்து இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். பார்ப்பவருக்கு இது குப்பை. போட்டவர்களுக்கு அப்படியில்லை. தங்கள் வீட்டில் அலமாரிக்குள் வைக்கும் பொருளை, அலமாரியே இல்லாத வீட்டுக்கு வந்ததால் நடுக்கூடத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மேக்கின் நிழல் கோப்பு 1984-இன் மிச்சம். அப்போதிருந்தே மேக்கின் கோப்புக்குத் தரவு ஒரு கிளை, சின்னம் முதலான துணைச் செய்திகள் இன்னொரு கிளை என்று இரண்டு உண்டு. பென் டிரைவின் கோப்பு முறைமைக்கு ஒரு கிளைதான் தெரியும். இரண்டாவது கிளை தனிக் கோப்பாக வெளியே நிற்கிறது.

யூனிக்ஸ், மேக்கின்டாஷ், விண்டோஸ் என்டி ஆகியவற்றின் கோப்பு முறைமைகளை முந்தைய பகுதிகளில் தனித்தனியே பார்த்தாயிற்று. அவை ஒன்றையொன்று சந்திக்கும் இடம் இந்தப் பகுதிக்கு உரியது. கோப்பு முறைமை என்பது ஓர் இயங்குதளம் தனக்காக எழுதிக்கொள்ளும் வீட்டுக் கணக்கு: எந்தக் கோப்பு வட்டில் எங்கே இருக்கிறது, அதன் பெயர் என்ன, எப்போது மாறியது, யார் தொடலாம். அடுத்த வீட்டுக்காரர் படிக்கப்போகிறார் என்று நினைத்து எவரும் அந்தக் கணக்கை எழுதவில்லை. ஆனால் வட்டு கையில் எடுத்துச் செல்லும் பொருளானதும் அடுத்த வீட்டுக்காரரும் படிக்கவேண்டி வந்தது. அப்போது எல்லாருக்கும் பொதுவாகிப்போனது, இருந்த கணக்குகளிலேயே மிக ஏழையான ஒன்று. இதற்குத் தொழில்நுட்பம் காரணம், வெவ்வேறு இயங்குதளங்கள் அப்படித்தான் இருக்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். வரலாறு அதை ஆதரிப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஒத்துப்போக வல்லமை உள்ளவர்களுக்கு நாற்பது ஆண்டுகளாக ஒத்துப்போகும் தேவை இல்லாதிருந்தது என்பதே சான்றுகள் காட்டுவது.

அந்த ஏழைக் கணக்கின் பெயர் ஃபேட். 1977-இல் மைக்ரோசாஃப்டில் மார்க் மெக்டொனால்டு, பேசிக் மொழி நிரல்களை ஃப்ளாப்பியில் சேமிக்க ஓர் அட்டவணையை வகுத்தார். 1980-இல் டிம் பேட்டர்சன் 86-டாஸ் எழுதியபோது அந்தக் கருத்தை எடுத்து 12 பிட் அட்டவணையாக்கினார். மறு ஆண்டு ஐபிஎம் பிசியோடு அது ஊரெங்கும் போயிற்று. பெயருக்கு எட்டு எழுத்து, வகைக்கு மூன்று எழுத்து என்ற அளவு கேரி கில்டாலின் சிபி/எம் இயங்குதளத்திலிருந்து வந்த சொத்து. ஏ, பி என்று டிரைவுக்கு எழுத்து வைப்பதும் டாஸுக்கு வந்த வழி அதுவே. 160 கேபி கொள்ளும் ஃப்ளாப்பிக்கு இதற்குமேல் என்ன வேண்டியிருந்தது என்று கேட்டால், நியாயமாக ஒன்றும் இல்லை. 1983-இல் ஹார்டு டிஸ்க் வந்தபோது ஃபோல்டருக்குள் ஃபோல்டர் வைக்கும் வழியை யூனிக்ஸைப் பார்த்துச் சேர்த்தார்கள். ஆனால் யூனிக்ஸின் சாய்கோடு டாஸில் ஏற்கனவே கட்டளைகளின் விருப்பத்தேர்வுக்குப் போய்விட்டிருந்தது. அதனால் கோட்டை மறுபக்கம் சாய்த்தார்கள். அன்று சாய்ந்த கோடு இன்றும் நிமிரவில்லை.

ஃபேட்டில் ஒரு கோப்புக்கான பதிவு எப்படி இருக்கும் என்று ஒருமுறை கிட்டத்தில் பார்ப்பது நல்லது, ஏனென்றால் பின்னால் வந்த தொல்லைகளில் பாதி அதற்குள்ளேயே இருக்கின்றன. மொத்தம் 32 பைட். முதல் எட்டு, பெயர். அடுத்த மூன்று, வகை. ஒரு பைட், கோப்பின் குணம்: மறைந்ததா, படிக்க மட்டுமா என்பதைச் சொல்ல. தேதிக்கு இரண்டு பைட், அதாவது 16 பிட். நாளுக்கு 5, மாதத்துக்கு 4 போக ஆண்டுக்கு மிஞ்சுவது 7 பிட். அதில் 127 வரை எண்ணலாம். தொடக்கம் 1980 என்பதால் 2107-க்குமேல் இந்த நாட்காட்டியில் ஆண்டே கிடையாது. நேரத்துக்கும் 16 பிட். மணிக்கு 5, நிமிடத்துக்கு 6 போக நொடிக்கு 5 பிட்தான் மிஞ்சுகிறது. அதில் 60 வரை எண்ண முடியாது, ஆகவே நொடிகளை இரண்டிரண்டாக எண்ணினார்கள். ஃபேட்டில் சேமித்த கோப்பு கடைசியாக மாறிய நேரம் ஒற்றைப்படை நொடியாக இருக்கவே முடியாது. அந்த நேரமும் எந்த ஊர் நேரம் என்று குறிப்பதில்லை; சென்னையில் எழுதிய டிரைவை சிங்கப்பூரில் செருகினால் அதே எண்ணை அந்த ஊர் நேரமாக எடுத்துக்கொள்ளும். கோடைக்காகக் கடிகாரத்தைத் திருப்பும் நாடுகளில் ஆண்டுக்கு இரண்டு முறை, ஒத்திசைவு நிரல்கள் எல்லாக் கோப்பும் மாறிவிட்டதாக நினைத்து முழுவதையும் திரும்ப நகலெடுக்கக் கண்டார்கள். அந்த வழக்கமில்லாத நம் நாட்டில் இது கண்ணில் படாமல் போனது. கடைசி நான்கு பைட், கோப்பின் அளவு. நான்கு பைட்டில் எழுதக்கூடிய பெரிய எண் 4,29,49,67,295. நான்கு ஜிபி படத்தைப் பென் டிரைவில் ஏற்றும்போது, டிரைவில் இடம் தாராளமாக இருந்தும் ‘கோப்பு மிகப் பெரிது’ என்று வருகிறதே, அந்த மறுப்பு பிறக்கும் இடம் இந்த நான்கு பைட்.

இதில் யாருக்குச் சொந்தம் என்று எழுத இடமில்லை, யார் தொடலாம் என்று எழுத இடமில்லை, எழுதும்போது மின்சாரம் போனால் மீள்வதற்கான குறிப்பேடும் இல்லை. யூனிக்ஸில் இந்த உரிமைக் குறிப்பு எழுபதுகளிலேயே இருந்தது. பெர்க்லியின் 4.2பிஎஸ்டி 1983-லேயே 255 பைட் நீளப் பெயரைத் தந்துவிட்டது. ஆக, மேலானது ஒன்று இல்லாமலிருந்ததால் ஃபேட் பரவியது என்று சொல்வதற்கில்லை.

அன்றைய எந்திரங்கள் அப்படி, வட்டுகளே வேறு வேறு, ஒன்றில் எழுதியதை இன்னொன்று எப்படிப் படிக்கும் என்று கேட்கலாம். ஓரளவு உண்மை. 1984-இல் மேக்கோடு வந்த 400 கேபி ஃப்ளாப்பி, படிக்கும் இடம் வெளிவிளிம்புக்கு நகர நகர மெதுவாகச் சுழலும் வகை. ஒரே வேகத்தில் சுழலும் பிசியின் டிரைவால் அதை எந்த மென்பொருளைக் கொண்டும் படிக்க இயலாது. ஆனால் 1988-இல் ஆப்பிள் 1.44 எம்பி சூப்பர்டிரைவைக் கொண்டுவந்ததும் அந்தச் சாக்கு போயிற்று. இரு பக்கமும் ஒரே வட்டு, ஒரே வேகம், ஒரே காந்தப் பூச்சு. அதற்குப் பிறகும் டாஸ் ஃப்ளாப்பி மேக்கின் திரையில் மற்ற ஃப்ளாப்பிகளைப் போல இயல்பாகத் தோன்றுவதற்கான மென்பொருள் இயங்குதளத்தின் பகுதியானது சிஸ்டம் 7.5 வந்த 1994-இல்தான். மறுதிசையில், மேக்கின் ஃப்ளாப்பியைத் தானாகப் படிக்கும் வசதியை விண்டோஸ் ஒருநாளும் தரவில்லை. வன்பொருள் விலகி நின்ற பின்னும் கதவு ஒரு பக்கம்தான் திறந்தது, அதுவும் சந்தையில் சிறியவராக இருந்தவரின் பக்கம். சிறியவருக்குத் தேவை இருந்தது.

1995-இல் நீளப் பெயர் வந்த விதத்தைப் பார்க்கும்போது மைக்ரோசாஃப்டின் பொறியாளர்களை மெச்சாமல் இருக்க முடியாது. 32 பைட் பதிவைத் தொட்டால் பழைய நிரல்கள் உடைந்துபோகும். ஆகவே நீளப் பெயரைப் பதின்மூன்று பதின்மூன்று எழுத்தாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் ஒரு பொய்ப் பதிவில் வைத்தார்கள். குணத்துக்கான பைட்டில் மறைந்தது, படிக்க மட்டும், சிஸ்டம் கோப்பு, வட்டின் பெயர் என்று ஒருசேர இருக்கவே முடியாத நான்கையும் போட்டார்கள். அதைப் பார்த்த பழைய நிரல்கள் நமக்கு வேண்டாத ஏதோ என்று தாண்டிப் போயின. பழைய நிரல்களின் கண்ணுக்கு ‘புரோக்ரா~1’ என்று அலைக்குறி போட்ட எட்டெழுத்துப் பெயர் ஒன்றையும் கூடவே வைத்தார்கள். அருமையான தந்திரம், அதற்குக் காப்புரிமையும் வாங்கினார்கள். 2009 பிப்ரவரியில், சாலை வழிகாட்டிக் கருவிகள் செய்யும் டாம்டாம் நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில் மைக்ரோசாஃப்ட் இந்தக் காப்புரிமையைக் காட்டியது. டாம்டாமின் கருவி ஓடியது லினக்ஸில். அது ஃபேட்டைப் பயன்படுத்தியது ஃபேட் நன்றாக இருக்கிறது என்பதற்காக இல்லை. வாங்கியவர் அதைத் தன் விண்டோஸ் கணினியில் செருகும்போது திறக்க வேண்டும் என்பதற்காக. அடுத்த மாதமே டாம்டாம் பணம் கொடுத்து சமரசமானது, நீளப் பெயர் வசதியை இரண்டாண்டில் எடுத்துவிடவும் ஒப்புக்கொண்டது. சாம்பா மென்பொருளை எழுதிய ஆண்ட்ரூ டிரிட்ஜெல், இரண்டு பெயரையும் ஒருசேர எழுதாமல் ஏதேனும் ஒன்றை மட்டும் எழுதும்படி லினக்ஸுக்கு ஒரு மாற்றம் செய்து பார்த்தார். ஒரு பொறியாளர் உட்கார்ந்து தீர்த்த சிக்கல் இது. ஆனால் சிக்கல் பொறியியலில் தொடங்கியதல்ல.

அப்படியானால் எல்லாம் மைக்ரோசாஃப்டின் ஏகபோகம் என்று முடித்துவிடலாமா? அது பாதி விடை. டிஜிட்டல் கேமரா செய்த ஜப்பானிய நிறுவனங்கள் 1998-இல் கூடித் தங்களுக்கென ஒரு விதி வகுத்தபோது, யாரும் கட்டாயப்படுத்தாமலே ஃபேட்டை எடுத்தார்கள். சின்னஞ்சிறு சில்லில், கொஞ்ச நினைவகத்தில் ஓடும் அளவுக்கு எளியது அது ஒன்றுதான். கேமராவின் அட்டையில் ‘டிசிஐஎம்’ ஃபோல்டருக்குள் ‘ஐஎம்ஜி_0001’ என்றிருக்கும் பெயரை எண்ணிப் பாருங்கள்: மூன்று எழுத்து, ஓர் அடிக்கோடு, நான்கு இலக்கம், மொத்தம் எட்டு. வகைக்கு ‘ஜேபிஜி’, மூன்று. கில்டாலின் சிபி/எம் மறைந்து எத்தனையோ காலமாகியும் புத்தம்புதுக் கேமராவில் அந்த எட்டும் மூன்றும் உட்கார்ந்திருக்கின்றன. எளிமைக்காகத் தேர்ந்தெடுத்தது பிறகு தப்ப முடியாத கட்டாயமாயிற்று. இன்றைய லினக்ஸ் கணினியும், யூஈஎஃப்ஐ என்ற தொடக்க நிரலின் வழியே கண்விழிக்கும்போது, தன் வட்டில் முதலில் தேடுவது ஒரு சின்ன ஃபேட் பிரிவை.

ஏகபோக விடையின் இன்னொரு குறை, அது மற்றவர்களை எளிதாகத் தப்பவிடுகிறது என்பது. மைக்ரோசாஃப்ட் 1993-இல் விண்டோஸ் என்டியோடு என்டிஎஃப்எஸ் கொண்டுவந்தது. உரிமைக் குறிப்பு, குறிப்பேடு எல்லாம் உள்ள செல்வந்தக் கணக்கு. அதன் உள்ளமைப்பை வெளியிடாததால் லினக்ஸ்காரர்கள் தடவித் தடவிக் கண்டுபிடித்தார்கள். நம்பி எழுதக்கூடிய என்டிஎஃப்எஸ்-3ஜி வந்தது 2007-இல், பதினான்கு ஆண்டு கழித்து. ஆப்பிளோ பணமும் ஆளும் இருந்தும், மேக்கில் என்டிஎஃப்எஸ் வட்டைப் படிக்க மட்டும் விட்டது, எழுத விடவில்லை. ஆப்பிளின் சொந்தக் கோப்பு முறைமையை விண்டோஸ் கண்டுகொள்ளவே இல்லை. சன் நிறுவனத்தின் இசட்எஃப்எஸ் 2005-இல் திறந்த மூலமாக வந்தபோது எல்லாரும் ஏற்கக்கூடிய ஒன்று கிடைத்ததுபோல இருந்தது. ஆப்பிள் அதைச் சேர்க்கும் வேலையையும் தொடங்கியது. ஆனால் இசட்எஃப்எஸ்-இன் உரிமமும் லினக்ஸின் உரிமமும் ஒன்றோடொன்று சேராதவை. 2009 அக்டோபரில் ஆப்பிளும் அந்தத் திட்டத்தை மூடியது. திறந்த மூலம் என்று பெயர் இருந்தும் உரிமத்தின் ஒரு பத்தி குறுக்கே நின்றது. இதில் யார் பக்கம் நியாயம் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. நமக்கு வேண்டிய செய்தி, தடை வட்டில் இல்லை, தாளில் இருந்தது என்பதுதான்.

பொதுத் தரமே இல்லாமல் போகவில்லை, ஒன்று இருந்தது, வென்றும் காட்டியது என்பது வலுவான மறுப்பு. 1985-இல் சீடி-ராம் சம்பந்தப்பட்ட நிறுவனங்கள் ஹை சியரா என்ற விடுதியில் கூடின. அவர்கள் வகுத்தது 1988-இல் ஐஎஸ்ஓ 9660 ஆயிற்று. எந்தக் கணினியும் எந்தச் சீடியையும் படித்தது. ஆனால் அது எப்படிச் சாத்தியமாயிற்று என்று பார்க்க வேண்டும். சீடி, அச்சடித்த புத்தகம்போல, படிக்க மட்டுமே. எழுதும் உரிமை யாருக்கு, பாதியில் நின்றால் என்ன என்ற கேள்விகளே அங்கு இல்லை. அதிலும் எல்லாரும் ஒப்புக்கொண்ட அடிமட்ட நிலையில் பெயர் மறுபடியும் எட்டும் மூன்றும், அதுவும் பெரிய எழுத்தில். அதற்குமேல் ஒரு படி ஏற முயன்றபோது மைக்ரோசாஃப்ட் ஜோலியட் என்றும், யூனிக்ஸ்காரர்கள் ராக் ரிட்ஜ் என்றும் ஆளுக்கொரு நீட்சி செய்தார்கள். ஆப்பிள் தன் கோப்பு முறைமையை அதே சீடியில் பக்கத்தில் வைத்துக்கொண்டது. ஒரே சீடியை மூன்று கணினியில் போட்டால் மூன்று விதமான பெயர்கள் தெரியும். எழுதும் வட்டுக்காக 1995-இல் வந்த யூடிஎஃப் இன்னும் நல்ல முயற்சி. எந்தப் பதிப்பைப் படிப்பது, எதில் எழுதுவது என்பதை ஒவ்வோர் இயங்குதளமும் தன் போக்கில் வைத்துக்கொண்டதால் அது டிவிடி போன்ற ஒளிவட்டுகளோடு நின்றுவிட்டது. விண்டோஸ் எக்ஸ்பி அதைப் படித்தது, எழுத மறுத்தது.

என் வாதத்துக்கு மிக வலுவான சான்று எக்ஸ்ஃபேட். நான்கு ஜிபி தடையை நீக்க மைக்ரோசாஃப்ட் அதை 2006-இல் கொண்டுவந்தது. 2009 ஜனவரியில் எஸ்டி அட்டைகளுக்கான சங்கம் 32 ஜிபிக்கு மேற்பட்ட அட்டைகளுக்கு அதையே விதியாக்கியது. ஒரு நிறுவனத்தின் வெளியிடப்படாத கணக்கு உலகத்தின் கேமராக்களுக்கெல்லாம் சட்டமாயிற்று. ஆப்பிள் உரிமம் பெற்று 2010-இல் சேர்த்துக்கொண்டது. லினக்ஸ் வெளியே நின்றது. 2019 ஆகஸ்ட் 28 அன்று மைக்ரோசாஃப்ட் அதன் விவரக்குறிப்பைப் பொதுவில் வைத்தது. அந்த ஆண்டு நவம்பரில் வந்த லினக்ஸ் 5.4-லேயே எக்ஸ்ஃபேட் இருந்தது. 2006-க்கும் 2019-க்கும் இடையில் அந்தக் கோப்பு முறைமையில் கண்டுபிடிக்க வேண்டிய புதுமை எதுவும் மிச்சமிருக்கவில்லை. மாறியது மைக்ரோசாஃப்டின் வியாபாரம். அதன் மேகச் சேவையில் லினக்ஸ் ஓட்டும் வாடிக்கையாளர்கள் நிறைந்துவிட்டிருந்தார்கள். பதின்மூன்று ஆண்டு முடியாதது மூன்று மாதத்தில் முடிந்ததற்கு வேறு விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. கிடைத்ததும் ஏழைக் கணக்கின் தம்பிதான்: எக்ஸ்ஃபேட்டிலும் உரிமைக் குறிப்பு இல்லை, குறிப்பேடு இல்லை, எழுதும்போது பிடுங்கினால் சேதம்.

இப்போது யார் பென் டிரைவைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள், எல்லாம் மேகத்தில்தானே என்று கேட்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. மேகம் வட்டை மறைக்கிறது, பெயரை மறைப்பதில்லை. பெயர் கடைசியில் யாரோ ஒருவரின் வட்டில் வந்து இறங்கியாக வேண்டும். லினக்ஸ் கருவின் மூல நிரலில் ‘எக்ஸ்டி_கான்மார்க்’ என்ற பெயரில் இரண்டு கோப்புகள் ஒரே ஃபோல்டரில் இருக்கின்றன. ஒன்றில் அது பெரிய எழுத்தில், இன்னொன்றில் சிறிய எழுத்தில். லினக்ஸுக்கு அவை இரண்டு. வழக்கமான அமைப்பில் உள்ள விண்டோஸுக்கும் மேக்குக்கும் ஒன்று. இறக்கினால் ஒன்றின்மேல் மற்றொன்று விழும். அதே மூல நிரலில் ‘ஆக்ஸ்’ என்றொரு கோப்பும் உண்டு. டாஸ் காலத்தில் ஒரு துணைக்கருவிக்கு ஒதுக்கிய பெயர் அது என்பதால், விண்டோஸ் கணினியில் நெடுங்காலம் அதைச் சாதாரண வழியில் உண்டாக்க முடியாதிருந்தது. இது நிரலாளர்களின் வேடிக்கை என்று விட்டுவிடுவதற்கில்லை. 2014 டிசம்பரில், நிரல்களின் பதிப்புகளைப் பராமரிக்கும் கிட் மென்பொருளில் தெரியவந்த ஓட்டை இதே வழியாக வந்தது. கிட் தன் அமைப்புகளை வைத்திருக்கும் ‘.கிட்’ ஃபோல்டரில் வெளியார் எழுதாமல் காவல் வைத்திருந்தது, ஆனால் சிறிய எழுத்தில் வரும் பெயருக்கு மட்டும். பெரிய எழுத்தில் வந்த பெயரைக் காவல் விட்டுவிட்டது. விண்டோஸும் மேக்கும் அதை அதே ஃபோல்டராக எடுத்துக்கொண்டன. வெளியார் அனுப்பிய நிரல் உள்ளே ஓடும் வழி திறந்தது.

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து கிடையாது. இந்தத் தொல்லையிலிருந்து தப்பித்தோம் என்று நினைக்கலாம். ‘கோவில்’ என்று ஒரு கோப்புக்குப் பெயர் வைத்துப் பாருங்கள். யூனிகோடில் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைச் சுழிக் கொம்பும் காலும் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. முதல் விதத்தில் ‘கோவில்’ ஆறு குறிகள், 18 பைட். இரண்டாம் விதத்தில் ஏழு குறிகள், 21 பைட். 1998 முதல் மேக்கில் இருந்த எச்எஃப்எஸ் பிளஸ், நாம் எப்படித் தட்டினாலும் பிரித்தே சேமித்தது. விண்டோஸும் லினக்ஸும் கொடுத்ததைக் கொடுத்தபடி வைத்தன. மேக்கில் கட்டிய ஜிப் கோப்பை லினக்ஸில் விரித்தால், அங்கே ஏற்கனவே இருக்கும் ‘கோவில்’ பக்கத்தில் இன்னொரு ‘கோவில்’ வந்து நிற்கும்; தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது இல்லை என்று சொல்லும். 2017-இல் வந்த ஏபிஎஃப்எஸ் கொடுத்தபடி வைத்துக்கொண்டு, மேக்கில் இரண்டையும் ஒரே பெயராக மதிக்கிறது. பழைய ஜிப் கோப்புகள் பழையபடியே இருக்கின்றன.

நீளத்திலும் இதே கதை. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பெயரின் குறிகளை எண்ணுகிறது, 255 வரை. லினக்ஸின் எக்ஸ்ட்4 பைட்டுகளை எண்ணுகிறது, அதுவும் 255 வரை. ஆங்கிலத்தில் ஓர் எழுத்து ஒரு பைட் என்பதால் இரண்டும் ஒரே அளவு. வேறுபாடு இருப்பதே தெரியாது. தமிழில் ஒரு குறிக்கு மூன்று பைட். 85 குறிகளோடு லினக்ஸில் இடம் தீர்ந்துவிடும். புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகள் என்பதால் கண்ணுக்குத் தெரியும் எழுத்தாக எண்ணினால் ஏறக்குறைய ஐம்பது. விண்டோஸில் ஓர் அரசாணையின் முழுத் தலைப்பையும் பெயராக வைத்துச் சேமித்த கோப்பு, லினக்ஸ் சர்வருக்கு நகலாகும்போது பாதி வழியில் நின்று ‘பெயர் மிக நீளம்’ என்கிறது. அதே தலைப்பை ஆங்கில எழுத்தில் தட்டினால் போய்விடுகிறது.

(தொடரும்)